ஓடும் ஜாப்களைப் புது மென்பொருளில் ஏற்றலாமா?

ஏப்ரல் 1 அன்று உங்கள் சரக்கு அனுப்பும் அலுவலகம் புது மென்பொருளுக்கு மாறும்போது, பாதியில் நிற்கும் ஜாப்களையும் (ஒவ்வொரு சரக்கு வேலைக்கும் திறக்கும் பதிவு) அதில் ஏற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார். பழையதில் திறந்தது பழையதிலேயே பில் போட்டு முடியட்டும். புது புக்கிங் மட்டும் புதியதில் போகட்டும். இரண்டிலும் பில் போடும் காலத்தில் எண்கள் மோதாமல் இருக்க, தனித்தனி முன்னெழுத்து வையுங்கள், ஆனால் சுருக்கமாக. ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் எண் 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும்; கிளை, ஆண்டு, ஜாப் எண் எல்லாம் சேர்த்தால் தாண்டிவிடலாம்.

பெரிய வேலை பார்ட்டி மாஸ்டரில்தான், அதாவது வாடிக்கையாளர் பட்டியலில்தான், இருக்கிறது. ஒரே ஏற்றுமதியாளர் 'அண்ட் கோ', 'அன் கோ', 'கம்பெனி' என்று மூன்று பெயரில் இருப்பார், நிலுவையும் மூன்றாகச் சிதறிக் கிடக்கும். ஜிஎஸ்டி எண்ணை வைத்து ஒன்றாக்கிய பிறகே ஏற்றுங்கள்.

அப்புறம், கண்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. டெமோவில் வேண்டுமென்றே ஒரு தப்பு எண்ணை அடித்துப் பாருங்கள், மென்பொருள் மறுக்கிறதா என்று.