செக்கைச் சுவருக்குப் பின்னால் தள்ளலாமா?

கேள்வி: ஆத்தூரில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். மாதம் 400 லிட்டர் போகிறது. எல்லாச் செலவும் போக லிட்டருக்கு 60 ரூபாய் நிற்கிறது. ஆறு மாதமாக வியாபாரம் ஏறவே இல்லை. முத்ரா கடனில் 4 லட்சம் வாங்கி, செக்கைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டு, முன்பக்கம் கண்ணாடி வைத்த ஷோரூம் போடலாம் என்றிருக்கிறேன். லிட்டருக்கு 20 ரூபாய் விலையும் குறைக்கப்போகிறேன். சரியாக வருமா?

பதில்: முதலில் கணக்கு. இப்போது மாதம் 24,000 ரூபாய் கையில் நிற்கிறது. 20 ரூபாய் குறைத்தால், அதே தொகைக்கு 600 லிட்டர் விற்க வேண்டும். 4 லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் தவணை சுமார் 8,900 ரூபாய். அதையும் சேர்த்தால் 820 லிட்டருக்கு மேல் போக வேண்டும். அதாவது, இன்றைக்கு இருக்கும் நிலையில் நிற்பதற்கே வியாபாரம் இரண்டு மடங்காக வேண்டும்!

அப்புறம், இந்த விலைக் குறைப்பு யாருக்காக? கடையில் பாக்கெட் எண்ணெய் இதைவிட எவ்வளவோ மலிவு. அதைத் தாண்டித்தான் உங்களிடம் வருகிறார்கள். விலை பார்க்கிறவர் முதலிலேயே வந்திருக்க மாட்டார்.

எங்கள் தெருவில் ஒரு செக்குக் கடை உண்டு. ஒரு அம்மா தூக்குவாளியோடு வருவார். நேரே செக்குப் பக்கம் போய், எள்ளோடு கருப்பட்டி போடுகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். ஒரு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்த பிறகுதான் அரை லிட்டர் கேட்பார். விலையை அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் காசு கொடுப்பது கண்ணெதிரே ஆட்டுகிறார்கள் என்ற நம்பிக்கைக்கு. நீங்களோ அந்தச் செக்கையே பின்கட்டுக்குத் தள்ளக் கடன் கேட்கிறீர்கள்.

கடலூர்க்காரரான சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு தொடங்கியபோது, ஊர் ஊராகப் பையன்களுக்குத் தலையை அலசிவிட்டு, சுற்றி நிற்பவர்களைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். ஷாம்பு என்றால் என்னவென்றே பழகாத வீடுகளில் அந்தப் பளபளப்பும் வாசனையும்தான் பேசின. சில்லறைக் காசுக்குச் சாஷே கிடைத்தது உண்மைதான். ஆனால் அது 'முதலில் ஒன்று வாங்கிப் பார்ப்போம்' என்ற துணிச்சலைக் கொடுத்தது. மலிவு மட்டும் என்றால் சீயக்காய் போதுமே.

உங்கள் கடையிலும் எல்லோரும் ஒரே காரணத்துக்கு வருவதில்லை. விளக்கேற்ற வாங்குபவர், பிள்ளை பெற்ற வீட்டுக்கு வாங்குபவர், டாக்டர் ஏதோ சொன்னதால் எண்ணெயை மாற்றியவர், மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வந்து எண்ணெயும் எடுத்துப் போகிறவர் என்று பல தினுசு. (புண்ணாக்குக்காரர்களை லேசாக நினைக்காதீர்கள். மாடு இருக்கும்வரை தவறாமல் வருவார்கள்.)

இரண்டு வாரம் கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். 'விலை குறைத்தால் வாங்குவீர்களா' என்று மட்டும் கேட்காதீர்கள், வேண்டாம் என்று எவர் சொல்வார்? இதற்கு முன் என்ன எண்ணெய், எப்போது மாற்றினீர்கள், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். ஒரு முப்பது பேர் பதில் சொன்னால் போதும். நின்றுபோன பழைய வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேருக்குப் போன் போடுங்கள். உங்களுக்கு மிகவும் பயன்படும் பதில் அவர்களிடம்தான் இருக்கும். லிட்டர் பாட்டில் பெரிதாக இருக்கிறது, வைத்திருந்தால் காறிப்போகிறது என்று ஒருவர் சொன்னாலே, கால் லிட்டர் பாட்டில் போட்டு அதைச் சரிசெய்துவிடலாம்.

அதற்குப் பிறகும் பணம் வேண்டுமென்றால், முத்ராவில் 50,000 ரூபாய் வரைக்கும் சிசு பிரிவு இருக்கிறது. சின்ன பாட்டில்கள், செக்குக்கு எதிரே ஒரு பெஞ்சு, நல்ல வெளிச்சம் எல்லாம் அதற்குள் அடங்கும். நோட்டு நிரம்பியதும் எனக்கு எழுதுங்கள், பெரிய கடனை அப்போது பார்க்கலாம். அதுவரை கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.