வேலையை விட்ட பிறகும் லப்டொப்பில் பழைய கொம்பனியின் பிடி

தம்பி, கொழும்பு வேலையை விட்டு யாழ்ப்பாணம் வந்த பிறகும், சொந்தக் காசில் வாங்கிய லப்டொப்பில் ‘சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று வருகிறது, வேலைக்காகப் போட்ட கொம்பனி போர்ட்டல் ஆப்பை அழித்தும் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். போகாதுதான். பிடி இருப்பது விண்டோஸில் சேர்த்த வேலைக் கணக்கில்.

அதில் கை வைக்க முதல் பிட்லொக்கரை, அதாவது டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியைப் பாருங்கள். டிரைவை அது குறியாக்கியிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி கொம்பனிக் கணக்கில் மட்டும் கிடக்கலாம். அந்தக் கணக்கை அவர்கள் மூடியிருந்தாலும் பரவாயில்லை, கொன்ட்ரோல் பனலில் பிட்லொக்கர் பக்கத்திலேயே சாவியைப் பிரதி எடுக்கலாம். பென்டிரைவில் ஒன்று, கடதாசியில் ஒன்று. அட்மின் உரிமையுள்ள லோக்கல் கணக்கு (கொம்பனியோடு தொடர்பில்லாமல் லப்டொப்பில் மட்டும் இருக்கும் கணக்கு) ஒன்றும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு உள்ளே நுழையவே முடியாமல் போகலாம்.

அப்புறம் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அக்சஸ் வேர்க் ஓர் ஸ்கூல். பழைய மின்னஞ்சலை அழுத்தி டிஸ்கனெக்ட், ரீஸ்டார்ட். பெரும்பாலும் இதோடு சரி.

டிஸ்கனெக்ட் மறுத்தால் கொம்பனி ஐடி ஆட்களிடம், அவர்கள் கணினிகளைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் இன்ட்யூனில் ‘ரிடையர்’ (கொம்பனியின் பிடியை மட்டும் எடுப்பது) செய்யச் சொல்லுங்கள். ‘வைப்’ (எல்லாவற்றையும் அழிப்பது) கொடுத்துவிட்டால் உங்கள் வீட்டுப் படங்களும் சேர்ந்து போகும்.

கடையில் கொடுத்து ஃபோர்மட் அடிப்பது பற்றிக் கேட்டீர்கள். கொம்பனி உங்கள் லப்டொப்பை ஓட்டோபைலட்டில் (கணினியைக் கொம்பனியின் பெயரில் பதிந்து வைக்கும் மைக்ரோசொஃப்ட் சேவை) பதிந்திருந்தால், விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் இணையம் கிடைத்ததும் கொம்பனி லொகின் பக்கம்தான் வரும். அந்தப் பதிவைக் கொம்பனிதான் நீக்க வேண்டும். ஆகவே கொம்பனிக்கு மின்னஞ்சல் முதலில், கடை பிறகு.