வாசகர் கேள்வி – பதில்: மொழியும் பாலினமும் படித்தால் உலகப் பார்வை வருமா?

கேள்வி: என் மகள் நாகர்கோவிலில் முதுகலை ஆங்கிலம் படிக்கிறாள். இந்தப் பருவத்தில் ‘மொழியும் பாலினமும்’ என்பதை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறாள். உலகத்தை அறிய உதவும் என்கிறாள். உறவினர்களோ வேலைக்கு உதவாத படிப்பு என்கிறார்கள். உள்ளூரில் இருந்துகொண்டு இதைப் படித்தால் உலகப் பார்வை வந்துவிடுமா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: வரும், அம்மா. ஆனால் அயல்நாட்டு அறிஞர்களின் பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதுவதோடு நின்றுவிட்டால் வராது. அந்தக் கருத்துகளைக் கொண்டுவந்து நம் மண்ணின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அது வரும். அதற்கு உங்கள் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது.

அமெரிக்காவில் 1976இல் ஒரு தீர்ப்பு வந்தது. கறுப்பினப் பெண்கள் ஐவர், தாங்கள் கறுப்பினத்தவராகவும் பெண்களாகவும் ஒருசேர இருப்பதால் பாகுபாட்டுக்கு ஆளானதாக ஒரு கார் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். அந்த நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, அவர்கள் வெள்ளையினப் பெண்கள்; கறுப்பினத்தவரையும் எடுத்திருந்தது, அவர்கள் ஆண்கள். இன வழக்கையும் பால் வழக்கையும் சேர்த்துப் புதியதொரு வழக்காக ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தகைய நிலையை விளக்க, கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்ட அறிஞர் 1989இல் ஒரு கலைச்சொல்லை உருவாக்கினார். தமிழில் அதை ‘குறுக்குவெட்டுத்தன்மை’ என்கிறார்கள்.

இதைப் படித்த கையோடு உங்கள் மகள் தோள்சீலைப் போராட்டத்தை மீண்டும் படிக்கட்டும். 1859இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிப்பு, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று இசைந்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றும் விதித்தது. அந்தப் பெண்களை ஒடுக்கியது பால் மட்டுமன்று, சாதி மட்டுமன்று. இரண்டும் ஓர் உடம்பின்மேல் ஒன்றாக இறங்கின. 130 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் பெயர் பெற்ற ஒன்றைக் கல்குளத்திலும் இரணியலிலும் நம் பாட்டிமார் பெயரின்றியே பட்டறிந்திருந்தார்கள் என்பதை ஒரு மாணவி தானே கண்டுகொள்ளும் நாளில், அமெரிக்காவும் அவளுக்குப் புரியும், தன் ஊரும் புரியும். உலகப் பார்வை என்று நான் கருதுவது இதைத்தான்.

நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழியும் அப்படிப்பட்டதே. சொத்து மகனுக்குச் செல்லாமல் சகோதரியின் மகனுக்குச் சென்ற அந்த முறையில், மனைவியும் மக்களும் பட்ட துயரைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவியின் குரலில் பாடினார். மேகாலயாவின் காசி மக்களிடமும் இந்தோனேசியாவின் மினங்கபாவு மக்களிடமும் இன்றும் தாய்வழி மரபு உண்டு. காசிகளிடம் குடும்பச் சொத்து கடைசி மகளுக்குச் சேர்கிறது. ஆயினும் அங்கும் தாய்மாமனின் சொல்லுக்குத் தனி மதிப்புண்டு. தாய்வழி மரபும் பெண்ணின் அதிகாரமும் ஒன்றல்ல என்பதை இந்த மூன்றையும் அருகருகே வைத்தால்தான் தெளிவாகக் காணலாம்.

வேலை பற்றி ஒரு சொல். இந்த ஒரு பாடமே வேலை வாங்கித் தரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிரியப் பணி, இதழியல், மொழிபெயர்ப்பு, சமூகநலத் துறை ஆகியவற்றுக்குச் செல்பவருக்கு இது வலுச் சேர்க்கும். உறவினர்களுக்கு அந்த அளவு விடை போதும்.

கேள்வி: நான் செவிலியர் படிப்பு முடித்து, வெளிநாட்டு வேலைக்காக ஜெர்மன் கற்கிறேன். மேசைக்கும் நாற்காலிக்கும்கூட ஆண், பெண் என்று பால் சொல்கிறார்கள். மொழியில் இப்படி இருந்தால் அந்தச் சமூகத்திலும் பெண் தாழ்ந்துபோவாளா?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: அவ்வளவு நேராகக் கணக்கிட முடியாது, சகோதரி. தமிழில் பால் பொருளைப் பற்றியது. தொல்காப்பியம் வகுத்த ஐம்பாலில் மேசை ஒன்றன்பாலில் அடங்கும். ஜெர்மனில் அது சொல்லைப் பற்றியது. சிறுமியைக் குறிக்கும் ‘மேட்சென்’ என்ற சொல், ‘சிறியது’ என்று பொருள் தரும் விகுதியை ஏற்றதனால், ஆண்பாலுமல்லாத பெண்பாலுமல்லாத மூன்றாம் இலக்கணப் பாலாகிவிடுகிறது. களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்தில் அவனும் ‘வந்நு’, அவளும் ‘வந்நு’. வினையில் பாலே இல்லை. பின்னிஷ், துருக்கி மொழிகளில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான். ஆனால் பின்லாந்துப் பெண்கள் 1906இலும், துருக்கிப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலுக்கு 1934இலும் வாக்குரிமை பெற்றார்கள். இலக்கணம் ஒத்திருந்தும் வரலாறு வேறாக நடந்தது.

இலக்கணத்தைவிட வழக்கில்தான் பால்வேறுபாடு கூர்மையாக வெளிப்படுகிறது என்பது என் எண்ணம். நம் வீடுகளில் கணவர் ‘வந்தார்’, மனைவி ‘வந்தாள்’ என்கிறோமே, அந்த மரியாதை விகுதி யாருக்குக் கிடைக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் தொழிலிலேயே இன்னொன்று உண்டு. ஜெர்மனில் செவிலியை முன்பு ‘நோயாளிகளின் சகோதரி’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். 2020இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பராமரிப்புத் துறையில் தேர்ந்த பெண், தேர்ந்த ஆண் என இணையான இரு பணிப்பெயர்களைத் தந்தது. நம் மருத்துவமனைகளில் ‘சிஸ்டர்’ என்றே கூப்பிடுகிறோம். ஜெர்மனி சென்ற பின், அங்கே முதிய நோயாளிகள் உங்களைப் பழைய சொல்லால் அழைக்கிறார்களா, புதிய சொல்லாலா என்று குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள்.