மிச்சம் பிடிக்க அத்திவாரம்தானா கிடைத்தது?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருக்கிறோம். வெல்லம்பிட்டியவில் 8 பேர்ச்சஸ் காணி வாங்கியாயிற்று. வீடு கட்டக் கையில் 90 இலட்சம் இருக்கிறது. 2016 மே வெள்ளத்தில் அந்த ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணீர் நின்றதாம். தூண் எழுப்பி வீட்டை உயர்த்த 20 இலட்சம் கூடுதலாகும் என்கிறார் பொறியியலாளர். மேசன் பாஸோ மூன்று அடி மண் நிரப்பினால் போதும் என்கிறார். 20 இலட்சம் கடன் எடுக்கலாமா?

பதில்: இருவருக்கும் இன்னும் தலையாட்டாதீர்கள். முதல் செலவு மண் பரிசோதனையாக இருக்கட்டும்.

அந்தப் பக்கம் பல காணிகளில் மேலே கிரவல் தெரியும், தோண்டினால் இலைதழை மக்கிய சதுப்பு மண். பாரம் ஏறினால் அதிலுள்ள நீர் பிழிந்து வெளியேறும், நிலம் வருடக்கணக்கில் அமிழும். நிரப்புகிற மண்ணும் பாரம்தானே! 8 பேர்ச்சஸ் என்றால் 2,178 சதுர அடி. மூன்று அடி நிரப்ப 65 கியூப் மண் வேண்டும் (ஒரு கியூப் என்பது 100 கன அடி), இறுகுவதற்கு இன்னும் கொஞ்சம். அவ்வளவு பணத்தைக் கொட்டிய பிறகும் சுவர் வெடிக்கலாம், ஒரு மூலை இறங்கலாம். தாழ்நிலத்தை நிரப்ப அனுமதியும் வேண்டும். காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தில் கேட்டுவிட்டுத்தான் லொறியைக் கூப்பிட வேண்டும்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண் பரிசோதனை செய்கிறது. சதுப்பு ஆழமாக இருந்தால் பைல், அதாவது உறுதியான நிலம் வரை இறங்கும் தூண், இறக்கச் சொல்வார்கள். பொறியியலாளர் சொன்ன 20 இலட்சம் அதற்கு மேலும் ஏறக்கூடும். அந்தத் தொகை தெரியாமல் கடனைப் பேசிப் பயனில்லை.

சரி, 20 இலட்சம்தான் என்றே வைப்போம். 12 வீத வட்டியில் 15 வருடக் கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 24,000 ரூபாய். கடனைக் கட்டி முடிக்கும்போது 43 இலட்சம் போயிருக்கும். வாடகையும் கொடுத்துக்கொண்டு இதையும் கட்டுவது கஷ்டம். கடன் வேண்டாம். 90 இலட்சத்துக்குள்ளேயே அத்திவாரத்துக்கு முதலில் ஒதுக்குங்கள். மேல்மாடி, சீலிங், பான்ட்ரி அலுமாரி எல்லாம் காத்திருக்கும். சீமெந்துத் தரையில் ஐந்து வருடம் இருந்தவர்கள் எத்தனையோ பேர். டைல்ஸை எப்போதும் பதிக்கலாம். வீட்டுக்குக் கீழே பிறகு தூண் வைக்க முடியாது.

காப்புறுதி எடுக்கும்போது வெள்ளம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தீ காப்புறுதியில் அது தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம்.

அப்புறம், இந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அளவு நாடாவுடன் அந்த ஒழுங்கைக்குப் போங்கள். ‘இடுப்பளவு’ என்பதை வைத்து யாரும் வரைபடம் போட முடியாது. பக்கத்து வீட்டாரிடம் தண்ணீர் நின்ற கறையைக் காட்டச் சொல்லி, வீதி மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று குறித்துக்கொண்டு பொறியியலாளரிடம் கொடுங்கள்.