“எட்டு மணிக்கேவா மேடம்?”

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளியில் 22 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். ஜூனில் அதே பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனேன். அன்றிலிருந்து நான் நுழைந்தாலே ஸ்டாஃப் ரூமில் பேச்சு நின்றுபோகிறது. எதைச் சொன்னாலும் “சரிங்க மேடம்”தான். பத்தாம் வகுப்புக்குக் காலை எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு வைத்தேன். பாதிப் பிள்ளைகள் வருகிற டவுன் பஸ்ஸே எட்டரைக்குத்தான் வருகிறதாம். மூன்று வாரம் கழித்துப் பெற்றோர் வந்து சத்தம் போட்ட பிறகே எனக்குத் தெரிந்தது. ஆசிரியர்கள் எல்லோருக்கும் முதலிலேயே தெரியும். அன்று ஒருவர் மட்டும் “எட்டு மணிக்கேவா மேடம்?” என்றார். “ஆமாம்” என்றேன். இதற்கிடையில் என் பழைய சேலைகள் எல்லாம் திடீரென்று எல்லோர் கண்ணுக்கும் அழகாகிவிட்டன! மாறியது நானா, அவர்களா?

பதில்: சேலையை விடுங்கள். சி.எல். (தற்செயல் விடுப்பு) விண்ணப்பத்தில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ, அவர் கட்டுவது அழகாகத்தான் தெரியும். கவனிக்க வேண்டியது அந்த “எட்டு மணிக்கேவா?”. ஒருவர் உங்களிடம் மறுப்புச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதைக் கேள்வி என்று நினைத்துப் பதில் சொல்லிவிட்டீர்கள்.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையத்தில் கடும் மூடுபனி. டச்சு விமானம் ஒன்று மேலெழும்ப அனுமதி கிடைக்கும் முன்பே ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் இன்னொரு விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. ரேடியோவில் காதில் விழுந்ததை வைத்து டச்சு விமானத்துக்குள் இருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம். “அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ?” என்று கேட்டார். மிகவும் மூத்தவரான கேப்டன், விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் கீழே இருப்பவர் வாய் திறப்பதற்கும், மேலே இருப்பவர் அதைக் காதில் வாங்குவதற்கும் விமானத் துறையில் தனிப் பயிற்சி வந்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

மேலே இருப்பவரிடம் “வேண்டாம்” என்ற சொல் அப்படியே வராது. “உங்க இஷ்டம் மேடம்”, “பார்த்துக்கலாம்”, “போன வருஷம் வேற மாதிரி இருந்துச்சு, இல்லைங்களா?” என்றுதான் வரும். இவற்றில் ஒன்று காதில் விழுந்தால் “ஆமாம்” சொல்லாதீர்கள். “எந்த வகுப்புக்கு இடிக்கும்?” என்று கேட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து நொடி அமைதி சங்கடமாக இருக்கும். அந்தப் பத்து நொடியில்தான் பஸ் நேரம் வெளியே வரும்.

கூட்டத்தில் உங்கள் முடிவைக் கடைசியில் சொல்லுங்கள். பணியில் இளையவரிலிருந்து தொடங்குங்கள்; மூத்தவர் பேசிவிட்டால் இளையவர் அதையே திருப்பிச் சொல்வார். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி நடத்திய சோதனை இங்கே பொருந்தும். கூடியிருந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி ஒருமித்துத் தவறான விடையைச் சொன்னபோது, விஷயம் தெரியாமல் தனித்து விடப்பட்டவரின் விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று தவறாகப் போனது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலே அந்த அளவு வெகுவாகக் குறைந்தது. உங்கள் கூட்டத்திலும் அந்த ஒருவர் கிடைத்தால் போதும்.

புதிய திட்டம் எதுவானாலும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்து, “இது மூன்று மாதத்தில் தோற்றுவிட்டது என்று வையுங்கள். ஏன் தோற்றது?” என்று மூன்று நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். இதில் பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 22 ஆண்டுகள் கூட வேலை பார்த்தவர்களின் கையெழுத்து உங்களுக்கு அத்துப்படி. அது அவர்களுக்கும் தெரியும். அதனால் சீட்டுகள் உங்கள் கைக்கு வரக்கூடாது. எல்லோரும் நம்புகிற ஒருவர் அவற்றை ஒரே தாளில் பெயர்த்தெழுதி, சீட்டுகளைக் கிழித்துப் போடட்டும். அவர் உங்கள் நெருங்கிய தோழியாக இருந்தால் எல்லாச் சீட்டும் வெறுமையாகத்தான் வரும்.

முதல் மறுப்பு வந்ததும் விளக்கம் சொல்லத் துடிப்பீர்கள். சொன்னால் அதுவே கடைசி மறுப்பு. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு வாரத்துக்குள் என்ன செய்தீர்கள் என்பதை அதே கூட்டத்தில் சொல்லுங்கள். ஏற்க முடியாததென்றால் காரணத்தையும் அப்போது சொல்லலாம்.

மாலை மணி அடித்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு காதில் போட ஒருவர் வருவார், எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவர் கொண்டுவருவது ஆட்களைப் பற்றிய செய்தி. வேலையைப் பற்றியது குறைவு. “இதைக் கூட்டத்தில் சொல்லலாமே?” என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், வரத்து குறையும்.

மதியச் சாப்பாட்டுக்குத் தினமும் ஸ்டாஃப் ரூமில் போய் உட்காராதீர்கள். உங்களைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். கூப்பிட்டால் போங்கள். உங்களுக்கு உண்மை சொல்ல வேறு பள்ளியின் தலைமை ஆசிரியர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்; உங்கள் கையெழுத்து தேவைப்படாதவராக அவர் இருக்க வேண்டும்.

மாறியது யார் என்றால், நாற்காலியைப் பார்த்து முதலில் அவர்கள் மாறினார்கள். அந்த “ஆமாம்” மட்டும் உங்களுடையது. அதற்காக எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்டு, அன்று கேட்டவரைக் கூச்சப்பட வைக்காதீர்கள். பஸ் நேரங்களை விசாரித்துப் புது அட்டவணையை அவரையே எழுதச் சொல்லி, திருத்தாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.