சுருதிப் பெட்டியை மூடிவிட்டு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எட்டு வருஷம் கர்நாடக வயலின் கற்றவன். நண்பர்களோடு ஆஸ்திரிய இசையமைப்பாளர் வெபர்னின் ஓபஸ் 28 (28-ஆம் எண் படைப்பு) நால்வர் இசையை (இரண்டு வயலின், வயோலா, செலோ) வாசிக்க ஆசை. கேட்டால் சுரங்கள் சிதறிக் கிடக்கிற மாதிரி இருக்கிறது. எங்கே தொடங்குவது?
- வாசகர், திருமங்கலம்

பதில்: காது ராகத்தைத் தேடுகிறது, அதுதான் சிக்கல். 1938-ல் முடிந்த அந்தப் படைப்புக்கு அடிப்படையான 12 சுர வரிசையைக் கட்டைக் கணக்கில் (1 முதல் 7 வெள்ளைக் கட்டை, ½ வந்தால் அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை) எழுதிக்கொள்ளுங்கள்: 6½, 6, 1, 7, 2½, 3, 1½, 2, 4½, 4, 5½, 5. ஆர்மோனியத்தில் வாசியுங்கள். முதல் நான்கில் வரும் 1 மட்டும் மேல் ஸ்தாயி. ஒரு ஸ்தானம் (வெள்ளையோ கறுப்போ, பக்கத்துக் கட்டை) இறக்கம், மூன்று ஏற்றம், மறுபடி ஒன்று இறக்கம். அடுத்த நான்கு அப்படியே தலைகீழ். கடைசி நான்கு, முதல் நான்கையே வேறு இடத்தில் வைத்தது. இந்த உருவம் வாயில் ஏறும்வரை வயலினை எடுக்க வேண்டாம்.

பாடும்போது 'ஸரிகம' வேண்டாம், 'லா' போதும். 'ஸ' என்று சொன்ன மாத்திரத்தில் காது ஆதார சுருதியைப் பிடித்துக்கொள்ளும், மற்ற பதினொன்றும் அதற்கு அடங்கிவிடும். எந்தச் சுரமும் தலைமை ஏற்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்தப் பன்னிரு சுர முறையே வந்தது! சுருதிப் பெட்டியையும் அணைத்துவிடுங்கள்.

வயலினில் இன்னொரு வம்பு. ஆர்மோனியத்தில் பக்கத்துக் கட்டையாக இருந்தது, இசைக்குறிப்பில் ஸ்தாயி மாறி 11 அல்லது 13 ஸ்தானத் தாண்டலாக நிற்கும். பழகிய விரல் அங்கே ஜாரு (வழுக்கல்) போடும். வில்லை நிறுத்தி, விரலை எடுத்து வைத்து, பிறகு இழுங்கள். கமகம் அறவே கூடாது.

பெரும்பாலும் வாசிக்கும் நால்வர் தடம் பிரிவது மௌனத்தில்தான். உங்கள் ஓய்வுக்கு நேரே அடுத்தவர் வாசிக்கும் சுரத்தைப் பென்சிலால் எழுதி வையுங்கள். எண்ணிக்கை தவறினாலும் அந்தச் சுரம் உங்களைப் பிடித்து உள்ளே விடும்.

கேள்வி: வயோலா கிடைக்கவில்லை. மூன்றாவது வயலின் வைக்கலாமா?
- வாசகி, பசுமலை

பதில்: வீட்டுப் பயிற்சிக்கு வைக்கலாம், மேடைக்கு வேண்டாம். வயோலாவின் கீழ்த்தந்தி வயலினுடையதைவிட 7 ஸ்தானம் தாழ்ந்தது. அந்தச் சுரங்களை மேல் ஸ்தாயிக்கு ஏற்றினால் தாண்டல்கள் சுருங்கிவிடும். இந்த இசையில் அது தாளத்தை மாற்றுவதற்குச் சமம்.

கேள்வி: கர்நாடகச் சுருதியில் இருக்கும் வயலினை அப்படியே மேற்கத்தியச் சுருதிக்கு ஏற்றலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: நான்கு தந்திகளும் கீழ்த்தந்தியிலிருந்து வரிசையாக 5, 2, 6, 3 கட்டையில் நிற்க வேண்டும். நெடுநாள் தளர்ந்திருந்த பழைய தந்தி அறுந்துபோகும், புதுசு போடுங்கள். ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஏற்ற ஏற்றப் பிரிட்ஜ் விரல்பலகைப் பக்கம் சாயும். அவ்வப்போது இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்துங்கள்.