யான் லாமர்ஸ் ஃபார்முலா 1-இல் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லையே, பிறகு ஏன் அவரை நெதர்லாந்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்களில் ஒருவர் என்கிறார்கள்?

ஃபார்முலா 1 கணக்கை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும்: 23 பந்தயங்கள், புள்ளி பூஜ்யம். ஆனால் லாமர்ஸ் யார் என்று தெரிய, பிரான்ஸில் நடந்த 1988 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

டாம் வாக்கின்ஷாவின் அணி அந்த ஆண்டு ஐந்து ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-9 கார்களை இறக்கியது. 2-ஆம் எண் காரில் லாமர்ஸ், ஜானி டம்ஃப்ரீஸ், ஆண்டி வாலஸ். எதிரே ஸ்டக், லுட்விக், பெல் ஓட்டிய போர்ஷே 962. அக்கார்கள் சேர்ந்த குரூப் சி என்ற பந்தயப் பிரிவின் விதிப்படி ஒரு காருக்கு 24 மணி நேரத்துக்கும் சேர்த்து 2,550 லிட்டர் எரிபொருள்தான். ஜாகுவார் ஓடியது 394 சுற்று, ஏறத்தாழ 5,333 கி.மீ. அப்படியானால் லிட்டருக்குச் சுமார் 2.1 கி.மீ. கிடைத்தாக வேண்டும். அதற்குக் குறைந்தால் எவ்வளவு வேகமான காரும் கடைசியில் நின்றுவிடும். எரிபொருள் விஷயத்தில் போர்ஷே தொடக்கத்திலேயே அடி வாங்கியது. லுட்விக் ஒரு சுற்று கூடுதலாக இழுத்துப் பார்க்க, டேங்க் வறண்டுபோய் ஸ்டார்ட்டர் மோட்டாரால் காரை உருட்டித்தான் பிட்டுக்கு (எரிபொருள் நிரப்பும் இடத்துக்கு) வந்து சேர்ந்தார். சுமார் இரண்டு சுற்று இழப்பு.

ஜாகுவாருக்குச் சிக்கல் கியர்பாக்ஸில் வந்தது. போசெல், வாட்சன், பெஸ்கரோலோ ஓட்டிய இன்னொரு ஜாகுவார் அதே கோளாறால் ஏற்கெனவே வெளியேறியிருந்தது. அதில் தெரிந்த அறிகுறிகள் தன் காரிலும் தெரிந்ததும் லாமர்ஸ் செய்தது ஒன்றே ஒன்று: நான்காம் கியரில் போட்டு, அதன்பின் கியர் லீவரைத் தொடவே இல்லை.

இது ஏன் பலித்தது? பந்தய கியர்பாக்ஸில் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் பற்கள் மோதிப் பூட்டிக்கொள்ளும். அந்த அதிர்ச்சி முழுக்க மெயின் ஷாஃப்டில், அதாவது கியர்பாக்ஸின் முதன்மைத் தண்டில், இறங்கும். விரிசல் விட்ட ஷாஃப்டைக் கொல்வது அந்த உதைதான். ஒரே கியரில் சீரான சுமை இருந்தால் அது இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆக்ஸிலரேட்டரையும் படக்கென்று விட்டுப் படக்கென்று மிதிக்கக் கூடாது. லெ மானின் ஆர்னாஜ் போன்ற மெதுவான வளைவிலிருந்து நான்காம் கியரில் வெளியேற, அடிமட்ட ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே) இழுவை வேண்டும். டர்போ இல்லாத 7 லிட்டர் வி12 அதைக் கொடுத்தது. சின்ன டர்போ எஞ்சின் அந்த ஆர்பிஎம்மில் சோர்ந்துபோயிருக்கும். விலை மட்டும் கொடுக்கத்தான் வேண்டும். அப்போது முல்சான் நேர்ப்பாதையில் சிக்கேன்கள் (வேகத்தைக் குறைக்க வைக்கும் குறுகிய வளைவுகள்) கிடையாது, ஏறத்தாழ 6 கி.மீ. ஒரே நீட்டு. அங்கே ஐந்தாம் கியர் இல்லாமல் ஓடுவது ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தைத் தின்னும். அப்படியிருந்தும் இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் ஜாகுவார் வென்றது. 1957-க்குப் பிறகு லெ மானில் அந்நிறுவனத்துக்குக் கிடைத்த முதல் வெற்றி இது.

இந்தக் கைப்பக்குவத்துக்கு வேர் நெதர்லாந்தின் சான்ட்வோர்ட்டில் இருக்கிறது என்பது என் கருத்து. அவர் பிறந்த ஊர் அது. ராப் ஸ்லோட்டமேக்கர் அங்கு நடத்திய சறுக்கல் பயிற்சிப் பள்ளியில் சிறுவனாகவே வேலைக்குச் சேர்ந்தவர். பிடிப்பில்லாத தரையில் நாளெல்லாம் கார் ஓட்டினால் காலும் இடுப்பும் எஞ்சினோடு பேசக் கற்றுக்கொள்ளும்.

சரி, ஃபார்முலா 1? 1978-இல் ஐரோப்பிய ஃபார்முலா 3 சாம்பியன். பின்னாளில் ஃபார்முலா 1 உலகச் சாம்பியனான அலேன் ப்ராஸ்டும் அந்தத் தொடரில் ஓடினார். ஆனால் அதற்குப் பிறகு கிடைத்தவை ஷேடோ, ஏடிஎஸ், என்சைன், தியோடர் என்று பணமும் பாகங்களும் பற்றாத அணிகள். பல வாரங்களில் தகுதிச் சுற்றைத் தாண்டுவதே பெரும்பாடு. 1980 லாங் பீச் தகுதிச் சுற்றில் ஏடிஎஸ்-ஐ நான்காம் இடத்தில் நிறுத்தினார். அந்தக் காரில் அது அசாத்தியம். ஆனால் பந்தயத்தின் முதல் சுற்றிலேயே சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ்ஷாஃப்ட் போய்விட்டது. 1982 டச்சு கிராண்ட் பிரிக்குப் பின் அடுத்து ஃபார்முலா 1-இல் அவர் ஓடியது 1992-இல் ஜப்பானின் சுசூகாவில், மார்ச் அணிக்காக. பத்தாண்டுக்கும் மேல் இடைவெளி! அதற்குள் ஒரு ஓட்டுநரை எல்லோரும் மறந்திருப்பார்கள். இவரை மறக்காததற்குக் காரணம் இடைப்பட்ட நீண்ட தூரப் பந்தய வெற்றிகள்: 1984-இல் ஜோனதன் பாமருடன் போர்ஷே 956-இல் பிராண்ட்ஸ் ஹாட்ச் 1000 கி.மீ., 1987-இல் ஜான் வாட்சனுடன் ஹராமா, மோன்ஸா, ஃபுஜி, 1990-இல் டேடோனா 24 மணி நேரம்.

பின்னாளில் ரேசிங் ஃபார் ஹாலண்ட் அணியை நடத்தியதும் அவர்தான். டோம் எஸ்101 காரின் உடலைச் சதுரங்கப் பலகைபோலக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களை விற்றுப் பணம் திரட்டினார்கள். பெரிய கார் நிறுவனத்தின் துணையில்லாமல் ஓடிய அந்தக் காரில் 2002, 2003 எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) ஸ்போர்ட்ஸ்கார் பட்டங்கள் வந்தன. 2017-இல், 61 வயதில், முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர் பாரிகெல்லோவுடன் எல்எம்பி2 (லெ மானின் இரண்டாம் நிலைப் பிரிவு) காரில் மறுபடி லெ மானில் இறங்கினார்.